பார்த்து வரைவதும் ஒரு படிப்புதான்

ரஃபேலின் மரியன்னை ஓவியத்தைப் படியெடுத்துத் தைல வண்ணம் பழகும் வழி

"பார்த்து வரைஞ்சதுதானே!"

படம் வரையும் பிள்ளைகள் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் இது. மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த படத்தை வீட்டுக்கு வந்த மாமா கையில் எடுப்பார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். இந்த ஒரு சொல்லோடு மேசையில் வைத்துவிடுவார். மனத்திலிருந்து வரைந்தால்தான் ஓவியம், பார்த்து வரைந்தால் அது திறமை ஆகாது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. அதற்கு 'ஈயடிச்சான் காப்பி' என்று ஒரு பட்டப்பெயர் வேறு. மூலத் தாளில் செத்து ஒட்டியிருந்த ஈயையும் விட்டுவிடக் கூடாது என்று, தானும் ஓர் ஈயை அடித்து அதே இடத்தில் ஒட்டிவைத்த எழுத்தரின் கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம்.

அந்த எழுத்தர் பார்த்து எழுதியதில் தவறில்லை. பார்ப்பது என்னவென்று யோசிக்காமல் எழுதியதே அவருடைய குறை. யோசித்துக்கொண்டே பார்த்து வரைவது வேறு வகை. உலகின் பெரிய ஓவியர்கள் பலர் அந்த வகையில்தான் தொழில் கற்றார்கள். கம்போங் ராஜா போன்ற ஒரு மலையூரில், தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டு தைல வண்ணம் கற்க விரும்பும் மாணவருக்கு இன்றும் எளிதில் கிடைக்கக்கூடிய நல்ல ஆசிரியர் ஒரு பழைய ஓவியமே.

அப்படி ஓர் ஓவியத்தை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஒரு தாள் அளவே உள்ள ஓவியம்

லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் 'மடோனா ஆஃப் த பிங்க்ஸ்' என்ற ஓவியம் இருக்கிறது. 'மடோனா' என்றால் இத்தாலிய மொழியில் 'என் தலைவி'. கிறிஸ்துவ ஓவியங்களில் அது மரியன்னையைக் குறிக்கும். 'பிங்க்ஸ்' என்பது கார்னேஷன் குடும்பத்துச் சிறு மலர். ஏறத்தாழ 1506-1507ஆம் ஆண்டுகளில் இத்தாலிய ஓவியர் ரஃபேல் இதை மரப்பலகையில் தைல வண்ணத்தால் வரைந்தார். உயரம் 27.9 சென்டிமீட்டர், அகலம் 22.4 சென்டிமீட்டர். நாம் பள்ளியில் பயன்படுத்தும் ஏ4 தாளைவிட உயரத்தில் சற்றுக் குறைவு, அகலத்தில் சற்றுக் கூடுதல். அவ்வளவுதான்.

படத்தில் இருப்பதும் எளிய காட்சிதான். ஓர் அறை. பின்னால் பச்சைத் திரை. இளம்பெண்ணான மரியாளின் மடியில் குழந்தை இயேசு. இருவருக்கும் நடுவே சில கார்னேஷன் மலர்கள். சன்னலுக்கு வெளியே வெளிச்சமான வானம், ஒரு குன்று, அதன்மேல் இடிந்த கட்டடம். கிரீடமும் சிம்மாசனமும் கிடையாது. கணினித் திரையில் இதைப் பார்த்த என் அம்மா, "சாமி படம் மாதிரியே இல்லையே, பக்கத்து வீட்டுப் பொண்ணு பிள்ளையோட விளையாடுற மாதிரில்ல இருக்கு" என்றார். கலை வரலாற்று நூல்கள் பல பக்கங்களில் சொல்வதன் சாரம் இதுதான். வணங்கத்தக்க உருவமாக மட்டும் இருந்த அன்னையை, பிள்ளையோடு விளையாடும் ஒரு தாயாகவும் காட்டியது மறுமலர்ச்சிக் காலம்.

இந்த எண்ணம் ரஃபேலுக்குத் தானாக வந்ததா என்றால், இல்லை. அவரும் பார்த்துத்தான் வரைந்தார்!

லியோனார்டோ டா வின்சி 1478-1480 வாக்கில் வரைந்த 'பெனுவா மடோனா' என்ற ஓவியம் இன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதிலும் ஓர் இளம் தாய், மடியில் குழந்தை, இருவர் கைக்கும் நடுவே மலர், பின்னால் ஒரு சன்னல். ரஃபேல் தம் ஓவியத்தின் அமைப்பை அதிலிருந்தே எடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று இருக்கும். ஊர்பினோ நகரிலிருந்து ஃபிளாரன்ஸ் வந்து, மூத்தவரான லியோனார்டோவின் படைப்புகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்த காலம் அது.

ரஃபேல் எட்டு வயதில் தாயை இழந்தவர். ஓவியரான தந்தை ஜியோவானி சாந்தியும் 1494இல், மகனுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது இறந்துபோனார். பிறகு பெருஜினோ என்ற ஓவியரின் கைவண்ணத்தைப் பின்பற்றி வளர்ந்தார். இருவர் வேலையையும் பிரித்தறிய முடியாத அளவுக்கு அந்தப் பயிற்சி இருந்தது என்று, ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி பதிவு செய்துள்ளார். 1504இல் ரஃபேல் வரைந்த 'மரியாளின் திருமணம்' ஓவியத்தை, அதே பொருளில் பெருஜினோ வரைந்த ஓவியத்தின் அருகில் வைத்தால் ஒற்றுமை உடனே தெரியும். முதலில் பெருஜினோ, பிறகு லியோனார்டோ. இருவரையும் உள்வாங்கிய பிறகுதான் ரஃபேல் ரஃபேல் ஆனார்.

நகல் என்று ஒதுக்கப்பட்ட அசல்

இந்தச் சிறிய ஓவியத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. அது புகழ் பெற்றதால் பல ஓவியர்கள் அதைப் படியெடுத்தார்கள். காலப்போக்கில் எது அசல் என்பதே மறந்துபோனது. அசல் தொலைந்துவிட்டது, இருப்பவை எல்லாம் நகல்களே என்று அறிஞர்கள் கருதினார்கள். இங்கிலாந்தின் அல்னிக் கோட்டையில் ஒரு பிரபுவின் குடும்பத்தாரிடம் இருந்த படமும் அப்படிப்பட்ட நகல்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டது.

1991இல் அதைப் பார்த்த கலை அறிஞர் நிக்கலஸ் பென்னிக்கு ஐயம் எழுந்தது. அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு வண்ணத்துக்கு அடியில் உள்ள கோடுகளை ஆராய்ந்தார்கள். நகல் எடுப்பவருக்கு எங்கே எந்தக் கோடு வர வேண்டும் என்பது முன்பே தெரியும். அதனால் அவர் கோடு முடிவு செய்யப்பட்டதாக, தயக்கமில்லாமல் இருக்கும். இந்தப் பலகையிலோ கோடுகள் தேடின. ஓரிடத்தில் தொடங்கி, மாறி, வேறிடத்தில் நின்றன. அவை முதன்முதலாக யோசிப்பவரின் கோடுகள். இதுவே ரஃபேலின் கை என்று தேசிய ஓவியக் கூடம் ஏற்றுக்கொண்டது. ஒப்புக்கொள்ளாத அறிஞர்களும் உண்டு. 2004இல் 22 மில்லியன் பவுன் கொடுத்து அக்கூடம் ஓவியத்தை வாங்கியது.

படியெடுத்துப் பழகுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. முடிந்த ஓவியம் நமக்கு விடையைக் காட்டுகிறது. விடைக்கு முன் நடந்த தேடல் வண்ணத்துக்கு அடியில் மறைந்திருக்கிறது. நாம் படியெடுப்பது அந்தத் தேடலை ஊகித்துப் பார்க்கத்தான்.

மீன் சந்தைக்குப் போன சிறுவன்

மைக்கலாஞ்சலோவும் இப்படித்தான் தொடங்கினார். மார்ட்டின் ஷோன்காவர் என்ற ஜெர்மானியக் கலைஞர், புனித அந்தோணியாரைப் பேய்கள் துன்புறுத்தும் காட்சியைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டிருந்தார். பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதில் அந்த அச்சுப்படத்தைப் பார்த்து மைக்கலாஞ்சலோ மரப்பலகையில் வண்ணத்தில் வரைந்தார். 1487-1488 வாக்கில் வரையப்பட்ட அந்தப் பலகையை அவருடைய கைவேலையாக ஏற்று, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள கிம்பல் கலைக் கூடம் வைத்திருக்கிறது.

அச்சுப்படத்தில் நிறம் இல்லை. பேய்களின் செதிலுக்கு என்ன நிறம் கொடுப்பது? சிறுவன் மீன் சந்தைக்குப் போய், மீன்களின் செதிலையும் கண்ணையும் உற்றுப் பார்த்து வந்து வரைந்தான் என்று அவருடைய வரலாற்றை எழுதிய கொண்டிவி கூறுகிறார். ஈயடிச்சான் காப்பிக்கும் கற்கும் காப்பிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஒரு கண் மூலப் படத்தில் இருக்க வேண்டும். இன்னொரு கண் சந்தையில் இருக்க வேண்டும்.

இது சிறுவர்களுக்கான பயிற்சி மட்டும் என்றும் எண்ண வேண்டாம். ஐரோப்பாவே கொண்டாடிய ரூபென்ஸ், 1628-1629இல் மாட்ரிட் சென்றபோது டிஷியன் வரைந்த 'ஆதாமும் ஏவாளும்' ஓவியத்தைப் படியெடுத்தார். அப்போது அவர் ஐம்பதைக் கடந்தவர். அப்படியே எடுக்கவுமில்லை, ஆதாமின் உடல் நிலையை மாற்றினார், மரத்தில் ஒரு கிளியை உட்கார வைத்தார். மூலமும் படியும் இன்று பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நம் பக்கத்தில் நடந்தது

மறுமலர்ச்சி ஓவியங்களைப் பார்த்துக் கற்றவர்கள் ஐரோப்பியர் மட்டுமல்லர். 1580இல் இயேசு சபைத் துறவிகள் அக்பரின் அரசவைக்கு வந்தபோது கிறிஸ்துவ ஓவியங்களையும் அச்சுப்படங்களையும் கொண்டுவந்தார்கள். அரசவை ஓவியர்கள் அவற்றை ஆவலோடு படியெடுத்தார்கள். அவர்களில் ஒருவன் அபுல் ஹசன் என்ற சிறுவன். ஜெர்மானிய ஓவியர் டியூரர் அச்சிட்ட சிலுவைக் காட்சியில் துயரத்தோடு நிற்கும் புனித யோவானை மட்டும் பிரித்தெடுத்து 1600இல் அவன் வரைந்தான். தனக்குப் பதின்மூன்றாவது வயது நடப்பதாக அந்தப் படத்திலேயே குறித்திருக்கிறான். அது இன்று ஆக்ஸ்ஃபர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்தச் சிறுவன் பின்னாளில் ஜஹாங்கீரின் தலைசிறந்த ஓவியர்களில் ஒருவரானார்.

தைல வண்ணம் என்றால் நமக்கு நினைவுக்கு வருபவர் ராஜா ரவி வர்மா. நம் பாட்டிமார் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருந்த லட்சுமி, சரஸ்வதி படங்கள் பெரும்பாலும் அவர் வழி வந்தவை. 1848இல் கிளிமானூரில் பிறந்த அவர், 1862இல் பதினான்கு வயதில் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தார். அங்கே தைல வண்ணம் தெரிந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். அவர் தொழில் நுணுக்கத்தைச் சொல்லித்தர மறுத்தார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ஆசிரியருக்குத் தெரியாமல் சிறுவனுக்கு உதவினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மன்னரை வரைய வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை, தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவி வர்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1873இல், வியன்னாக் கண்காட்சியில் அவருடைய ஓவியம் பரிசு பெற்றது.

ஏகலைவன் கதை நமக்குப் புதிதல்ல. துரோணர் மறுத்தார், மண்ணால் அவர் உருவம் செய்து, அதன்முன் நின்று வில் பயின்றான் அவன். ரவி வர்மாவின் தொடக்கமும் ஏறக்குறைய அப்படித்தான், கட்டை விரலை இழக்காத ஏகலைவன் என்று சொல்லலாம். கற்றுத்தர ஆள் இல்லாதபோதும், இருப்பவர் மறுத்தபோதும், பார்த்துக் கற்கும் வழியை யாராலும் அடைக்க முடியவில்லை.

தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இது பழங்கதையாகத் தோன்றாது. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் காட்சிக் கலைக்கல்வியில் கைதட்டல் வாங்கிய பிள்ளைகள், இடைநிலைப் பள்ளிக்குப் போனபின் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஓவிய வகுப்புக்குப் போக வேண்டுமானால் மலையை விட்டு இறங்க வேண்டும். தோட்டத்து வேலையில் இருக்கும் பெற்றோரால் வாரந்தோறும் ஈப்போவுக்கு அழைத்துப் போக முடியுமா? இங்கேதான் படியெடுக்கும் பழக்கம் கைகொடுக்கும். இன்று தேசிய ஓவியக் கூடத்தின் இணையத்தளத்தில் ரஃபேலின் இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். விரல்களின் ஓரம், துணியின் மடிப்பு, இதழின் நுனி எல்லாம் தெரியும். மறுக்காத ஆசிரியர் இவர்.

ஏன் கம்போங் ராஜாவில் இந்த ஓவியம்?

எனக்கு இந்தப் படம் பிடித்துப்போனதற்கு முதற்காரணம் அந்த மலர். கேமரன் மலையில் தேயிலையோடு காய்கறியும் மலரும் பயிராகின்றன. கம்போங் ராஜாவைச் சுற்றிச் சரிவுகளில் தெரியும் நெகிழிக் கூரைகளின் கீழ் சாமந்தியும் ரோஜாவும் கார்னேஷனும் வளர்கின்றன. பெட்டியில் அடுக்கிக் கீழே போகும் சரக்காகவே நாங்கள் கார்னேஷனைப் பார்த்து வளர்ந்தோம். கிரேக்க மொழியிலிருந்து வந்த அதன் தாவரவியல் பெயர் 'டயாந்தஸ்'. 'இறைவனின் மலர்' என்பது பொருள். கிறிஸ்துவ மரபில் அது தெய்விக அன்பையும், பின்னாளில் இயேசு படப்போகும் பாடுகளையும் குறிக்கும். குழந்தை விளையாட்டாகப் பிடித்திருக்கும் பூவில் தாயின் வருங்காலத் துயரம் ஒளிந்திருக்கிறது. இதை அறிந்தபின் அந்தப் பூவை வெறும் சிவப்புப் புள்ளியாக வைக்க மனம் வராது.

பல்கலைக்கழக விடுமுறையில் இதைப் படியெடுத்தபோது, தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்திலிருந்து சில கார்னேஷன் தண்டுகளை வாங்கி வந்து மேசையில் வைத்துக்கொண்டேன். இன்றைய கார்னேஷன் இதழ்கள் நெருங்கி அடர்த்தியானவை. ரஃபேலின் மலர் சிறியது. ஆனால் இதழின் ஓரத்தில் ரம்பம்போன்ற வெட்டும், இலையில் சாம்பல் கலந்த பச்சையும் இரண்டுக்கும் பொது. கண்முன் இருந்த பூவைப் பார்த்தபிறகுதான், படத்தில் இருந்த பூ எவ்வளவு உற்றுப் பார்த்து வரையப்பட்டது என்பது விளங்கியது. மீன் சந்தை எங்கள் ஊரில் பூந்தோட்டமாக இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

சன்னல் வழியே தெரியும் குன்றும் அப்படியே. அருகில் உள்ளது அழுத்தமாகவும் தொலைவில் உள்ளது வெளிறி நீலமாகவும் தோன்றும் என்பது ஓவியப் பாடம். கம்போங் ராஜாவில் காலை ஏழரை மணிக்கு வெளியே வந்தால், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மலைவரிசைகளில் அந்தப் பாடம் நடந்துகொண்டிருக்கும்.

சமயம் வேறாக இருந்தால் இதை வரையலாமா என்று சிலர் கேட்கலாம். மாரியம்மன் திருவிழாவுக்கும் போய், ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கும் போகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. படியெடுப்பவருக்கு வேண்டியது மதிப்பும், அந்தப் படத்தில் எது எதற்காக இருக்கிறது என்று அறிந்துகொள்ளும் ஆர்வமும். அபுல் ஹசன் கிறிஸ்துவர் அல்லர். அதனால் அவன் வரைந்த யோவானின் துயரம் குறைந்துவிடவில்லை.

எப்படித் தொடங்குவது?

பலகை: கடைகளில் கிடைக்கும் 8 அங்குலம் அகலம், 10 அங்குலம் உயரமுள்ள கேன்வாஸ் அட்டை போதும். ரஃபேலின் ஓவியத்துக்கும் இதற்கும் உயர அகல விகிதம் ஏறக்குறைய ஒன்றே. பெரிதாக வரைய விரும்பினால் 16க்கு 20 அங்குலம், விகிதம் மாறாது.

வண்ணம்: ஆறு குழாய்கள் போதும். டைட்டேனியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், சிவப்பு மண் நிறம், அலிசரின் கருஞ்சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், எரித்த அம்பர் பழுப்பு. அல்ட்ராமரினையும் அம்பரையும் கலந்தால் கறுப்பு வந்துவிடும். தனியாக வாங்க வேண்டாம். ரஃபேல் காலத்தில் அல்ட்ராமரின் நீலம் ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்துச் செய்யப்பட்டது. அதன் விலை பொன்னோடு ஒப்பிடப்பட்டது. 1820-களில் ஆலையில் செய்யும் முறை வந்தபின்தான் அது நம் கைக்கு எட்டியது.

கோடு: மூலப் படத்தின் அச்சுப்பிரதியிலும் அட்டையிலும் அகலத்துக்கு எட்டு, உயரத்துக்குப் பத்து என்று எண்பது கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளதை மட்டும் பார்த்து வரையுங்கள். கோலம் போடத் தெரிந்த வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை. புள்ளி வைத்தபின் இழை எந்தப் புள்ளிக்கும் எந்தப் புள்ளிக்கும் நடுவே போகிறது என்று பார்க்கிறோமே, அதே கணக்கு. அம்மா போட்ட கோலத்தைப் பார்த்துப் போட்டே எல்லாரும் கோலம் கற்றார்கள். அதை யாரும் காப்பி என்று சொன்னதில்லை.

ஒளியும் நிழலும்: உடனே வண்ணத்துக்குப் போக வேண்டாம். பழுப்பும் வெள்ளையும் மட்டும் கொண்டு முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளைத் திரைப்படம்போல வரைந்து முடியுங்கள். குழந்தையின் தோள் உருண்டையாகத் தெரிவது நிறத்தால் அல்ல, ஒளி படிப்படியாகக் குறைவதால் என்பது இந்தக் கட்டத்தில் கைக்குப் புரியும். அம்பர் பழுப்பு விரைவில் உலரும் என்பதால் முதல் பூச்சுக்கு ஏற்றது.

வண்ணம் ஏற்றுதல்: இந்தப் படத்தில் சாம்பல், நீலம், பச்சை என்று குளிர்ந்த நிறங்கள் சூழ்ந்திருக்கின்றன. நடுவில் தாய், பிள்ளையின் மேனி நிறம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த வேறுபாட்டால்தான் கண் நேரே குழந்தையிடம் போகிறது. மேனி நிறத்துக்கு ஒரே கலவையைப் பூசிவிடாதீர்கள். கன்னத்தில் சிவப்புச் சாயல், நிழலில் சாம்பல் சாயல், ஒளிபடும் நெற்றியில் மஞ்சள் சாயல் என்று பிரித்துப் பார்த்துக் கலக்குங்கள். கீழ்ப்பூச்சு உலர்ந்தபின், எண்ணெயில் கரைத்த மெல்லிய வண்ணத்தைக் கண்ணாடித்தாள்போல மேலே படரவிட்டால் நிறம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் இருக்கும். தைல வண்ணத்தின் சிறப்பே இதுதான்.

எண்ணெய் விதி: கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். எண்ணெய் மிகுந்த பூச்சு மெதுவாக உலரும். அது அடியில் இருந்து, மேலே உள்ளது முதலில் இறுகிவிட்டால், பின்னாளில் மேற்பரப்பு வெடித்துப் போகும்.

உலர்தல்: நீர் வண்ணம் நீர் ஆவியாகி உலர்கிறது. தைல வண்ணம் அப்படியல்ல. அதில் உள்ள ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. குளிரில் இது மேலும் மெதுவாக நடக்கும். கீழே ஈப்போவில் ஆகும் நாளைவிட எங்கள் ஊரில் கூடுதல் நாள் ஆகும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே காத்திருக்கும் நாட்களை வீண் என்று கருத வேண்டாம். படத்தைச் சுவரில் சாய்த்துவைத்துத் தள்ளி நின்று பார்க்க அவையே நேரம்.

பாதுகாப்பு: டர்பன்டைன் பயன்படுத்தினால் சன்னலைத் திறந்து வையுங்கள். பழையதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது ஆற்றுக்குத்தான் போகும். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்துவைத்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்தபின் அப்புறப்படுத்துங்கள். நெருக்கமான மர வீடுகள் உள்ள இடத்தில் இதை மறக்கக் கூடாது.

எல்லை எது?

படியெடுப்பதற்கு ஒழுங்கும் உண்டு. பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் 1793 முதல் ஓவியர்களை உள்ளே அமர்ந்து படியெடுக்க அனுமதித்து வருகிறது. ஆனால் மூலத்தின் அதே அளவில் வரையக் கூடாது, மூல ஓவியரின் கையொப்பத்தைப் போடக் கூடாது என்பது அங்கே விதி. நாமும் அதைப் பின்பற்றலாம். படத்தின் பின்புறம் 'ரஃபேலின் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி, நம் பெயரையும் ஆண்டையும் குறிக்க வேண்டும். ஐந்நூறு ஆண்டு பழமையான ஓவியத்துக்கு இன்று காப்புரிமைத் தடை இல்லை. இன்று வாழும் ஓவியரின் படைப்பைப் படியெடுத்து விற்பது வேறு விஷயம். அது அவருடைய உழைப்பைத் திருடுவதாகும். போட்டிக்கு அனுப்பும்போதும் படியெடுத்ததைச் சொந்தப் படைப்பாகக் காட்டக் கூடாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அழகாகப் படியெடுக்கத் தெரிந்தவர் அதிலேயே நின்றுவிடலாம். பாராட்டும் அதற்கே கிடைக்கும். தேடும் கோடு வரையாமல், முடிந்த கோடுகளை மட்டுமே வரைந்துகொண்டிருந்தால் கை பழகும்; கண் உறங்கிவிடும். ஓவியம் கைக்குப் பழக்கத்தால் வருவது என்பது ஔவையார் வாக்கு. அந்தப் பழக்கம் போகப் போகச் சொந்தக் கண்ணுக்கு வழிவிட வேண்டும்.

அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ரஃபேலின் படத்தை முடித்த கையோடு, அதே அமைப்பில் உங்கள் வீட்டைச் சேர்ந்த ஒரு தாயையும் பிள்ளையையும் வரையுங்கள். லியோனார்டோவின் படத்தை வைத்துக்கொண்டு ரஃபேல் செய்தது அதைத்தான். சித்தி மடியில் தம்பி இருக்கலாம். பச்சைத் திரைக்குப் பதில் சன்னலில் கைலித் துணி தொங்கலாம். குன்றின்மேல் இடிந்த கோட்டைக்குப் பதில் புளூ வேலித் தேயிலைச் சரிவு தெரியலாம். கார்னேஷனை மாற்றவே வேண்டாம். இந்த இரண்டாவது படத்தில் கோடு தடுமாறும், அழிக்க வேண்டியிருக்கும், இடம் மாறும். அந்தத் தடுமாற்றத்தைக் கண்டு பயப்படாதீர்கள். அல்னிக் கோட்டைப் பலகைக்கு அடியில் அறிஞர்கள் கண்டதும் அத்தகைய கோடுகளைத்தான்.

ஓவியத்தை முறையாகப் படிக்க விரும்புவோருக்கு நம் நாட்டிலேயே வழிகள் உண்டு. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் கலைத்துறைப் படிப்புகள் இருக்கின்றன. அத்தகைய படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது வரைந்த படங்களின் தொகுப்பு கையில் இருப்பது நல்லது. அதில் ஒரு படியெடுத்த ஓவியமும், அதிலிருந்து பிறந்த சொந்த ஓவியமும் அடுத்தடுத்து இருந்தால், அந்த மாணவர் எப்படிக் கற்றார் என்பதை விளக்க வேறு சான்று வேண்டாம்.

வீட்டில் படம் வரையும் தம்பியோ தங்கையோ இருந்தால், அடுத்த முறை "பார்த்து வரைஞ்சதுதானே" என்று சொல்வதற்குப் பதில், "என்ன பார்த்தே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கும்.